17 சேலை விரித்தும் வெறுங்கையோடு வந்தேன்

வணக்கம் மக்களே. சொத்தவிளைக் கடற்கரையில் நின்று பேசுகிறேன். காற்று இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு நாள் சும்மா இருக்க என்னால் முடியாது. நேற்று நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். 17 சேலை விரித்துக் காட்டினார்கள். ஒன்றுகூட வாங்காமல் வெளியே வந்தேன்!

புதிதாக வந்தவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அந்த மாம்பழ நிறப் பட்டு வீடியோவைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 4,200 ரூபாய். எனக்குப் பிடிக்கவே இல்லை. இத்தனை சேலையை விரித்துவிட்டாரே, வேண்டாம் என்றால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்றுதான் வாங்கினேன். இரண்டு வருடமாக மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. 4,200 ரூபாய் மக்களே! ஃபால்ஸ் அடிக்க, பிளவுஸ் தைக்கக் கொடுத்த காசு தனி. பெயர்கூடத் தெரியாத ஒருவர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பணம் அது.

சரி, நேற்றைய கதை. மைனி வீட்டுப் பால்காய்ச்சுக்கு, அதாவது புதுவீடு குடியேறும் விசேஷத்துக்கு, 1,500 ரூபாய்க்குள் ஒரு பருத்திச் சேலை எடுக்கப் போனேன். கடைக்கார அண்ணன் 2,850 ரூபாய்க்கு ஒரு கரும்பச்சையை எடுத்து, தோளில் போட்டுப் பார்க்கச் சொன்னார். கரும்பச்சை எனக்கு ஆகவே ஆகாது. பக்கத்தில் இருந்த ஒரு மாமி, "உனக்கு நல்ல எடுப்பா இருக்கு மக்களே" என்றார். பில் போடுகிற பிள்ளையும் தலையாட்டியது. மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னதும், ஒருவேளை நன்றாகத்தான் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளக் கோடு இந்த மூன்றில் எது என்று கேட்பார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தவறான பதிலையே சொல்லிவிட்டார்கள். கண்ணெதிரே இருக்கிற கோட்டுக்கே இப்படி என்றால், சேலை நிறத்தில் தடுமாறியதற்கு நான் வெட்கப்பட மாட்டேன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னால் போதும், கூட்டத்தோடு ஒத்துப்போவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

எனக்கு அந்த ஒரு ஆள் என் மகள். "அம்மா, உனக்குத்தான் பச்சை பிடிக்காதே" என்றாள். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். டீ! பன்னிரண்டாவது சேலையை விரிக்கும்போதே அந்த அண்ணன் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டார். நானும் குடித்துவிட்டேன். அவர் கையால் டீயும் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம்! உள்ளங்கை வேர்த்துவிட்டது. மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லையே. "எதுவும் மனசுக்குப் பிடிக்கல அண்ணே, டீக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

"சரிம்மா, அடுத்த வாட்டி வாங்க" என்றார். அவ்வளவுதான். நான் செருப்பு மாட்டுவதற்குள் அதே கரும்பச்சையை அடுத்து வந்தவருக்கு விரித்துக்கொண்டிருந்தார்.

2000இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் வரும்படியான டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்ற பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அந்த நாலு பேரில் மூன்று பேர் பார்க்கவே இல்லை மக்களே!

அப்புறம் ஒன்று. 2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. ஆனால் வீடியோ போடுகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோவில் எனக்குத் தெரியும். ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பேன். இந்த வீடியோவுக்குப் பார்க்க மாட்டேன். அம்மா ஒன்று சொன்னால் இன்னும் கேட்டுக்கொள்வேன், அது வேறு. அவருக்கு என்னைத் தெரியும்.

பால்காய்ச்சுக்கு அந்தக் காவி நிறக் கைத்தறியைக் கட்டப் போகிறேன். பொங்கலுக்குக் கட்டினேனே, அதுதான். மைனி பார்த்ததும் கேட்பார். கேட்கட்டும், எனக்கு அந்தச் சேலை அவ்வளவு பிடிக்கும். சரி மக்களே, அலை காலடிக்கு வந்துவிட்டது, மகள் கூப்பிடுகிறாள். வரட்டுமா.