பழைய படகு இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜீப் வாங்கப் போகும் நீலகிரிக்காரர் எவரும் கிலோமீட்டர் மீட்டரை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. கோத்தகிரிச் சரிவில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஏறி இறங்கிய எஸ்டேட் ஜீப்பின் 40,000 கிலோமீட்டரும், மேட்டுப்பாளையத்துக்குக் கீழே சமவெளியில் ஓடிய ஜீப்பின் 40,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரே தம் எஸ்டேட் குளத்திலோ, விருந்தினர் தங்கும் விடுதிக் குளத்திலோ விடுவதற்காக ஒரு பழைய அவுட்போர்டு படகைப் பார்க்கப் போனால், "140 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொன்னவுடன் முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், அந்த 140 என்ற எண்ணைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

படகின் பின்பலகையில் திருகி மாட்டப்படும் இன்ஜினைத்தான் அவுட்போர்டு என்கிறோம். காற்றும் நீரோட்டமும் ஏற்றிய சுமையும் மாறிக்கொண்டே இருப்பதால், படகு கடந்த தூரம் இன்ஜினின் உழைப்பைக் காட்டாது. ஆகவே உழைப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். அதற்கென்று உள்ள ஹவர் மீட்டர் எல்லா இன்ஜினிலும் இருப்பதில்லை. கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. இருக்கும் மீட்டர்களிலும் ஒரு வகை, சாவியைத் திருப்பிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். இன்ஜின் ஓடாமல் யாரோ சாவியை அணைக்க மறந்துபோன இரவும் அதில் உழைப்பாகவே பதிவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டர் என்பது நான்கு திருகுகளில் நிற்கும் ஒரு சிறு பொருள். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டக் கால் மணி நேரம் போதும்.

கோத்தகிரி நண்பர் ஒருவருக்காகக் கொச்சியில் ஒரு படகைப் பார்க்கச் சென்றிருந்தேன். 25 குதிரைத்திறன் இன்ஜின்; மீட்டரில் 140. ஏழு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கியது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே காயலில் ஓட்டியது என்றார் உரிமையாளர். நேயர்கள் மனத்துக்குள்ளேயே வகுத்துப் பார்க்கலாம். ஏழு ஆண்டில் 140 என்றால் ஆண்டுக்கு 20 மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கு 25 நிமிடம்கூட வராது. ஒரு குடும்பம் படகைத் தண்ணீரில் இறக்கி, ஏறி அமர்ந்து, கரையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே ஏழு ஆண்டில் 700-ஐத் தாண்டியிருக்க வேண்டும். சவாரிக்கு விட்ட படகானால் கணக்கே வேறு: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்று ஓடினால் ஓராண்டிலேயே 1,500 மணி நேரம் சேர்ந்துவிடும்.

கணக்கு உதைத்ததால் இன்ஜினிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கைப்பிடி ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. வெயிலில் வெளுத்த பழைய பலகையில், மீட்டரைச் சுற்றி மட்டும் திருகுகள் புதிதாக மின்னின. அடுத்து நான் கேட்டது கியர் ஆயில். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று என் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. நேயர்களும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். படகைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள கியர் பெட்டியில் கீழே ஒரு திருகும் மேலே ஒரு திருகும் இருக்கும். இன்ஜினை இரவு முழுவதும் நிமிர்ந்த நிலையில் அசையாமல் விட்டு, காலையில் அதை ஓட்டுவதற்கு முன்னால், ஆம், ஓட்டுவதற்கு முன்னால், கீழ்த்திருகை மெதுவாகத் தளர்த்த வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அது ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, முதலில் வெளியே வரும். ஓட்டிய பிறகு திறந்தால் இரண்டும் கலந்து வெண்மையாக வரும். அப்போதும் விஷயம் தெரிந்துவிடும், ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாது.

அன்று முதலில் சொட்டியது தெளிந்த தண்ணீர். அதைத் தொடர்ந்து, பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில் கெட்டியாக இறங்கியது. புரொப்பெல்லரைக் கழற்றினோம். தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகப் பின்னிக்கொண்டு, தண்ணீர் உள்ளே புகாமல் காக்கும் வளையமான ஆயில் சீலின் விளிம்பை அறுத்திருந்தது. சீலின் விலை அற்பம். ஆனால் அந்த வழியாகப் புகுந்த தண்ணீர் பேரிங்குகளை அரித்திருந்தால் அதற்கான செலவு அற்பமல்ல. ஆயிலை வடிக்கும் கீழ்த்திருகின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்புதான். ஆனால் எங்கள் கையில் இருந்த திருகில் நகத்துணுக்கு அளவில் உலோகச் சில்லு ஒன்றும் ஒட்டியிருந்தது. அது பற்சக்கரத்திலிருந்து உடைந்து வந்தது.

மீட்டரைப் பற்றிக் கேட்டபோது உரிமையாளர் சற்றும் தயங்கவில்லை. பழைய மீட்டர் நின்றுபோனதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதியது மாட்டினாராம். அவர் பொய் சொல்லவில்லை. அதுவரை நாங்கள்தான் அதைக் கேட்கவில்லை. நண்பர் படகையும் டிரெய்லரையும் மட்டும் வாங்கிக்கொண்டு இன்ஜினை அங்கேயே விட்டுவிட்டார்.

இதிலிருந்து, குறைந்த மணி நேரம் என்றாலே பொய், அதிக மணி நேரம் என்றால் கழித்துக்கட்ட வேண்டியது என்று நேயர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ செய்யப்பட வேண்டும். அதற்கான ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்திருப்பவரின் 900 மணி நேர இன்ஜினை நான் தயங்காமல் வாங்குவேன். உண்மையாகவே 60 மணி நேரம் மட்டும் ஓடி, ஆண்டுக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்த இன்ஜினை யோசித்துத்தான் வாங்குவேன். கிடப்பில் கிடந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக இறுகும். குளிர்நீரை இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே வளைவில் மடங்கி விறைத்துவிடும். நம் மலையில் ஜூன் மழை தொடங்கும்போது மூடிய இன்ஜினை அடுத்த கோடைக்குத்தான் திறக்கிறோம் என்பதால், இது வெளியூர் இன்ஜினுக்கு மட்டும் உரிய நோயல்ல.

"கடலையே பார்க்காத இன்ஜின், நன்னீரில் மட்டும் ஓடியது" என்று சொல்லி விற்பவரும் உண்டு. அடிப்பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். இன்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்ட கட்டி அது. பாதிக்கு மேல் கரைந்து, இன்ஜினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடி ஓரத்தில் வெள்ளை உப்பும் பூத்திருந்தால், அந்த இன்ஜின் கடலைப் பார்த்திருக்கிறது. நன்னீரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நம் உதகை ஏரியில் படர்ந்த ஆகாயத்தாமரை போன்ற செடிகள் நீர் உறிஞ்சும் துளைகளை அடைத்தால் இன்ஜின் சூடேறிவிடும். சிலிண்டர் தலைப்பகுதியில் வண்ணப்பூச்சு கொப்புளித்திருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கணினி பொருத்திய புதிய இன்ஜின்களில் எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது உள்ளேயே பதிவாகியிருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் அதை எடுத்துத் தருவார்கள். மீட்டரை மாற்றினாலும் அந்தப் பதிவு மாறாது.

மலைவாசிகளான நமக்கு மட்டும் உரிய ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தமான கம்ப்ரஷனைக் கடற்கரையில் அளந்தபோது 120 பி.எஸ்.ஐ. காட்டிய இன்ஜின், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு வந்ததும் ஏறத்தாழ 90தான் காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கிறதா என்பதே முக்கியம். இதே காரணத்தால் இன்ஜினின் வலுவிலும் ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைந்துவிடும் என்பதால், 25 குதிரைத்திறன் வாங்கினால் 20 கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்க வேண்டும்.

புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். மூடியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ கிளப்பியிருக்கிறார்கள் என்று பொருள். கிளப்பியதும் பக்கத் துளையிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பீச்ச வேண்டும். இன்ஜினைத் தாங்கும் பிடியில் உள்ள வரிசை எண், ரசீதில் இருக்கும் எண்தானா என்று ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.