தைபே 101-ல் தொங்கும் குண்டும் நிலநடுக்கமும்

சரி, அடுத்த கேள்வி. "2024-ல் தைவானில் நிலநடுக்கம் வந்ததே, தைபே 101 கட்டடத்தைக் காப்பாற்றியது உள்ளே தொங்கும் பெரிய குண்டுதானா? நம் வீட்டுக்கும் அதுபோல டேம்பர் (ஆட்டத்தைக் குறைக்கும் கருவி) வைக்கலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அந்தக் குண்டு 660 டன். எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்து, மேல் மாடிகளில் கம்பிவடங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனால் அதை வைத்தது முக்கியமாகக் காற்றுக்காக. 508 மீட்டர் உயரக் கட்டடம் ஒரு தடவை ஆடி முடிக்க ஏறக்குறைய 7 வினாடி ஆகும். குண்டும் அதே நேரக் கணக்கில் ஆடும். புயல் மணிக்கணக்கில் வீசுவதால் அது நன்றாக வேலை செய்யும். 2015-ல் வந்த சௌதெலோர் புயலில் குண்டு 1 மீட்டர் வரை நகர்ந்தது. நிலநடுக்கத்தின் பலத்த குலுக்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும், அதிர்வும் படபடவென்று வரும். குண்டு முழுதாக ஆடத் தொடங்குவதற்குள் பெரிய அடி விழுந்துவிடும். அங்கே நிலநடுக்கத்தை முக்கியமாகத் தாங்குவது, உள்ளே கான்கிரீட் நிரப்பிய பிரம்மாண்டமான எஃகுத் தூண்களும் அவற்றோடு பிணைந்த சட்டகமும்தான்.

நிலநடுக்கத்துக்கென்றே டேம்பர் வைத்த கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் மெக்சிகோ சிட்டிக்குப் போக வேண்டும். அந்த நகரம் பழைய ஏரிப்படுகையின் களிமண்மேல் இருக்கிறது. 1985-ல் பசிபிக் கரையோரம், சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. அந்தக் களிமண்ணோ அதிர்வைப் பெருக்கி, 2 வினாடிக்கு ஒருமுறை ஆடியது. அதே கணக்கில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன.

அந்த ஊரில் கட்டிய 225 மீட்டர் உயர டோரே மயோர் கட்டடத்தில் 98 டேம்பர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பைக்கின் ஷாக் அப்சர்பர் மாதிரிதான்: உருளைக்குள் சிலிக்கோன் எண்ணெய், நடுவில் பிஸ்டன். கட்டடம் ஆடும்போது குறுக்குச் சட்டம் பிஸ்டனைத் தள்ளும், எண்ணெய் சின்னத் துளைகள் வழியே பிதுங்கி ஓடும், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிப் போகும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தூண் அதிகபட்சமாக வளைந்து நிற்கும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம். அதனால் டேம்பரும் அப்போது தள்ளாது. ஏற்கெனவே திணறும் தூண்மேல் கூடுதல் பாரம் ஏற்றாமலே வேலையை முடிக்கிறது. 2003 ஜனவரியில் மெக்சிகோவின் கொலிமா பகுதியில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது அந்தக் கட்டடம் சேதமில்லாமல் நின்றது.

அப்புறம், உங்கள் வீடு. இரண்டு மாடி வீட்டுக்கு டேம்பர் தேவையில்லை. அந்தப் பணத்தில் கொஞ்சத்தைத் தூணின் ரிங் கம்பிக்கு, அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்கு, செலவிடுங்கள். ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கிவிட்டால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது பிரிந்துவிடும். 135 டிகிரி மடக்கி முனை தூணின் உள்ளே போக வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள், போட்டபின் பார்க்க முடியாது.