ராமேஸ்வரம் பக்கம் எந்தக் கடலில் இறங்கலாம்? காரங்காடு கயாக், அப்புறம் அந்த 250 ரூபாய் பை

வணக்கம் மக்களே! குரல் கம்மியிருக்கிறது, உப்புக்காற்று. நேற்று சாயங்காலம்தான் காரங்காட்டிலிருந்து வந்தேன். எடிட் முடிவதற்குள் இதைப் பேசிவிட வேண்டும், இரண்டு விஷயம் மனதில் நிற்கிறது, ஒன்று பெரிய சந்தோஷம், இன்னொன்று பெரிய எரிச்சல்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு டூர் ஆள், பெயர் வேண்டாம், படகில் போக போனுக்குப் பிளாஸ்டிக் பை வாடகை 250 ரூபாய் என்றார். வாடகை, மக்களே! கழுத்தில் மாட்டுகிற கயிறு, மேலே இரண்டு கிளிப், அவ்வளவுதான் அந்தப் பை. அக்னி தீர்த்தம் போகிற தெருவில் ஒரு பாசிமணிக் கடையில் அதே பை, அதே நீலக் கயிறு, 120 சொன்னார்கள், பேசி 100-க்குச் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். கடைக்கார அம்மா பைக்குள் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துக் கிளிப் போட்டு, குடத்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளே ஈரமில்லை பார் தம்பி என்று காட்டினார். நீங்களும் இப்படி முக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெளியூர்க்காரன் என்றால் எதையும் கேட்கலாம் என்கிற அந்த எண்ணம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலது பக்கம் திரும்பினால் வருகிற மீனவ ஊர். கோட்டக்கரையாறு கடலில் சேர்கிற இடம், அலையாத்திக் காடு, அதாவது மாங்குரோவ். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகும், நாமே துடுப்புப் போடுகிற சின்னப் படகான கயாக்கும் நடத்துகிறார்கள், வழிகாட்டியாக வருவது அந்த ஊர்ப் பையன்கள்தான். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் நண்டு ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. மோட்டார் படகில் போனால் இது எதுவும் கிடைக்காது, அதனால்தான் நான் எப்போதும் கயாக் கயாக் என்று கத்துகிறேன்.

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

இப்போது முக்கியமான விஷயம். போன வீடியோவின் கீழே நிறையப் பேர், ராமேஸ்வரத்தில் கடல் அமைதி என்றீர்கள், நாங்கள் போனபோது அலை அடித்தது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பது ஒரு கடல் இல்லை. வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். இப்போது ஜூன், கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, அதனால் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கே குளம் போலக் கிடக்கும். வாடைக்காற்று மாதங்களில் அப்படியே தலைகீழ். பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் போகிற கைட் சர்ஃபிங் சொல்லித்தருகிறவர்களும் காற்றைப் பார்த்துத்தான் கரையை மாற்றுகிறார்கள். அதனால் இந்த மாதம் குழந்தைகளோடு போகிறவர்கள் காரங்காடு, இல்லையென்றால் சவுக்குத் தோப்பு இருக்கிற அரியமான், இரண்டும் வடக்குப் பக்கம்.

தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேர்கிற இடம், இழுப்பு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. கரையில் நின்று பாருங்கள், போதும்.

அங்கேதான் பேக்கேஜ் ஆட்கள்மேல் கோபம் வருகிறது. 22 தீர்த்தம், தனுஷ்கோடி, பாம்பன், எல்லாம் ஒரே நாளில்! தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு அழிந்துபோன ஊர், அங்கே அந்த இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் வேனை நிறுத்தி இருபது நிமிஷம் என்கிறார்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததே 2017-ல்தான், அதற்கு முன்னால் மணலில் குலுங்கிப் போன வேன்களில் ஏறியவர்களுக்கு அந்த ஊரைப் பார்க்க நேரமாவது இருந்தது. இரண்டு இரவு தங்குங்கள். இருட்டுவதற்குள் தனுஷ்கோடியிலிருந்து திரும்பிவிட வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாம்பனைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் பாருங்கள்! 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. 1914-ல் திறந்த பழைய பாலம் இரண்டு கையையும் விரிக்கிற மாதிரி திறந்தது, எனக்கு அதுதான் அழகு, சண்டைக்கு வராதீர்கள். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், நடுவழியில் அப்படி நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்புறம், காரங்காட்டுச் சாப்பாடு! முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறதே, மீன் கிடைக்குமா என்று கேட்பீர்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகு கடலுக்குப் போகிறது. எனக்கு நண்டுக் குழம்பும் பொரித்த மீனும். குழம்பில் தேங்காயை அளவாகப் போட்டு மிளகைத் தூக்கலாக விட்டிருந்தார்கள், நட்சத்திர ஹோட்டல் நண்டெல்லாம் கிட்டவே வராது.

பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ பறவை, கேட்டவர்களுக்கு: இப்போது தேடாதீர்கள், குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கம் உப்பங்கழியில் கூட்டமாக வரும். கயாக் வீடியோ வெள்ளிக்கிழமை. ஜூலையில் போகிறவர்கள் எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் என்று கீழே எழுதுங்கள், எந்தக் கரை என்று நான் பதில் போடுகிறேன்.