சைகோன் போய் வந்தாச்சு, இனி லாஸ்பேட்டை

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ கிடையாது, ஊர் திரும்பிய வீடியோ. பெட்டி கட்டுவதை எல்லாரும் காட்டுவார்கள், பெட்டியைப் பிரிப்பதை யாரும் காட்டமாட்டார்கள், ஏனென்றால் உள்ளே அழுக்குத் துணிதான் இருக்கும். பின்னால் தெரிகிறதே, அந்த நீலப் பெட்டி, அது இன்னும் பாதிதான் காலியாகியிருக்கிறது.

நானும் அம்மாவும் வியட்நாம் போனோம், முக்கியமாக சைகோன். ஹோ சி மின் நகரம் என்று இன்றைக்குப் பெயர், ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சைகோன் என்றுதான் சொல்வார்கள். இங்கே புதுச்சேரியில் பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு தாத்தாவின் அண்ணனோ மாமாவோ அங்கே வேலைக்குப் போனதாகக் கதை வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்தார்கள், 1881-இல் இங்கே ஒரு ஆணை போட்டார்கள்: சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்று. அப்படி மாறியவர்களில் நிறைய பேர் கொச்சின்சீனாவில், அதாவது சைகோனைச் சுற்றிய தென் வியட்நாமில், அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். அதனால் அம்மாவுக்கு இது சுற்றுலா மாதிரியே இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி புடவை எடுத்து வைத்தார்.

சரி, திரும்பி வந்த கதைக்கு வருகிறேன்.

முதலில் தூக்கம். வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதற்கெல்லாமா ஜெட் லாக் என்று மாமா சிரித்தார், அவர் பிரான்ஸ் போய் வருகிறவர், கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பார்த்தவர். ஆனால் ராத்திரி எட்டரைக்கு எனக்குக் கண் சொக்குகிறதே, அங்கே அப்போது மணி பத்து. காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அம்மா அதற்கும் முன்னாடி எழுந்து பாத்திரம் உருட்டுகிறார். மேற்கே வந்தால் சீக்கிரம் தூக்கம் வரும், கிழக்கே வந்தால் தூக்கமே வராது, ரெண்டுக்கும் மருந்து வெளிச்சம்தான். சாயங்கால வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், காலை வெளிச்சம் முன்னால் இழுக்கும். அதனால் நான் சாயங்காலம் பீச் ரோட்டில் நடந்தேன், மாமா மாதிரி பாரீஸிலிருந்து வருகிறவர்கள் காலையில் நடக்கட்டும். இன்னொன்று, அங்கிருந்து வாங்கி வந்த காபித்தூளை சாயங்காலம் தொடாதீர்கள். வியட்நாமில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா, அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபைன் அதில், நடுராத்திரி வரைக்கும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும்.

அப்புறம் விமானத்திலிருந்து இறங்கியவுடன் வீடு வந்துவிடாது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் மட்டும்தான். சென்னையில் இறங்கினால் ஈசிஆரில் மூன்று மணி நேரம், திருச்சியில் இறங்கினால் நாலு மணி நேரம், அதுவும் தூங்கி வழிந்துகொண்டு. ஞாயிறு ராத்திரி வந்து இறங்கி திங்கள் காலை ஆபீஸ் போகிறேன் என்கிற வீரம் எல்லாம் வேண்டாம். வியாழனோ வெள்ளியோ திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், அங்கே ஒரு நாள் குறைந்தால் குறையட்டும். பூட்டிக்கிடந்த வீடு அந்த நாளை எப்படியும் வாங்கிவிடும். கடல் காற்றில் பூட்டு இறுகியிருக்கும், மரக்கதவு ஊதியிருக்கும், மோட்டார் போட்டால் முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும், கேஸ் புக் பண்ண வேண்டும், பால்காரரிடம் மறுபடி சொல்ல வேண்டும். அம்மா வந்ததும் முதல் வேலையாகச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார், மறுநாள் பழைய சோறும் சின்ன வெங்காயமும். அங்கே எதை வாங்கினாலும் மீன் சாஸ் வாசனை என்று அவருக்கு ஒரே புலம்பல், எனக்கு அது பிடித்துப்போனது, கருவாடு சாப்பிடுகிற வாய்க்கு மீன் சாஸ் என்ன பெரிய அந்நியமா?

பணம். இதில்தான் தலை இன்னும் சரியாகவில்லை. வியட்நாம் பணத்துக்கு டாங் என்று பெயர், ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங், ஒரு காபிக்கு முப்பதாயிரம் கொடுத்துப் பழகியவளுக்கு, குபேர் மார்க்கெட்டில் மீன்காரம்மா முந்நூறு என்றதும் இலவசம் மாதிரி தோன்றியது, பேரம் பேசாமல் நீட்டினேன், அவரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். முதலாவது எழுபது ரூபாய்க்குள், இரண்டாவது 1,700 ரூபாய் பக்கம். வெயிலில் அவசரத்தில் எடுத்துக் கொடுக்கும்போது பூஜ்ஜியத்தை எண்ணுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். மீதி டாங்கை அங்கேயே செலவழித்துவிடுவது உத்தமம், இங்கே கொண்டுவந்து மாற்றுவது பெரும்பாடு.

கார்டு தேய்த்தவர்களுக்குச் செலவு இங்கே வந்த பிறகும் தொடரும். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு நிறைய கார்டுகளில் 3.5 சதவிகிதம் வரை மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், எடுப்பார்கள், அந்த மார்க்கப்புக்கு மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. பத்தாயிரம் ரூபாய் தேய்த்தால் நானூறுக்கு மேல் போய்விடும். பில் வரும்போது அதிர்ச்சி ஆகாமல் இருக்க, வந்த வாரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டேன், சுகமான வேலை இல்லை.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். திரும்பி வருகிற ஒவ்வொருவரும் ஆரம்பித்துவிடுகிறோம், அங்கே என்ன சுத்தம், அங்கே என்ன ஒழுங்கு, நம் ஊரும் இருக்கிறதே என்று. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல், என் வாயிலேயே வந்தாலும் எரிச்சல்தான். நாங்கள் தங்கியது டிஸ்ட்ரிக்ட் ஒன் என்று சொல்கிற நகர மையம், டூரிஸ்ட் நடமாடுகிற இடம். யாரோ ஒருவர் ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, புதுச்சேரி முழுக்க இப்படித்தான் என்று ஊரில் போய்ச் சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? மழைக்கு நம் ஊர் ரெயின்போ நகரில் என்ன ஆகிறதோ அதே கதி சைகோனின் தாழ்வான தெருக்களுக்கும் உண்டு, அதுவும் தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன ஊர்தான்.

ஆனால் நியாயமாக ஒப்பிடவேண்டியதும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஹெல்மெட். 2007 டிசம்பரிலிருந்து அங்கே எல்லா ரோட்டிலும் கட்டாயம், தெருமுனைக்குப் போகிற பாட்டிகூடப் போட்டிருந்தார். தெருவைக் கடப்பது இன்னொன்று. பைக்குகள் ஆறு மாதிரி வரும், நிற்கவே நிற்காது, நாம் ஓடாமல், தயங்காமல், ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் அவர்களே நம்மைச் சுற்றிப் போவார்கள். நேரு வீதியில் போய் அதே தைரியத்தில் நடக்கலாம் என்று நினைக்காதீர்கள், இந்திரா காந்தி சிலைப் பக்கம் சத்தியமாக வேண்டாம், இங்கே நம்மைச் சுற்றிப் போக மாட்டார்கள், ஹாரன் அடிப்பார்கள். மெட்ரோவும் அங்கே வந்துவிட்டது, 2024 டிசம்பர் 22-இல் முதல் பாதை திறந்தார்கள், பென் தான் மார்க்கெட்டிலிருந்து சுவோய் தியென் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 14 நிலையங்கள். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைசி வரைக்கும் போய், இறங்காமலே திரும்பலாமா என்று கேட்டார். இப்போது டெம்போவில் முழங்கால் இடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அம்மாவுக்கு உண்மையில் மனசில் நின்றது மாரியம்மன் கோயில். ட்ருவோங் டின் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டியது. கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் முகத்தை வைத்து அம்மனிடம் காதோடு காதாகப் பேசுகிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அவரும் போய்ச் சுவரில் நெற்றியை வைத்தார். என்ன கேட்டாய் என்றேன், உனக்கு எதற்கு என்றார். இங்கே வந்ததிலிருந்து தெருவில் எல்லாருக்கும் இந்தக் கதைதான், போரைப் பற்றிய மியூசியம், 1891-இல் முடித்த அந்த அழகான போஸ்ட் ஆபீஸ், எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது.

என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: காபித்தூளும், மேலே வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற ஃபின் என்கிற ஃபில்டரும். நம் டிகாஷன் ஃபில்டர்தானே, இதற்கா காசு என்று அம்மா கேட்டது கேட்டதுதான், ஆனால் காலையில் கன்டென்ஸ்டு மில்க் போட்டு முதல் தம்ளர் குடிப்பது அவர்தான். பென் தான் மார்க்கெட்டில் கடைக்குக் கடை முந்திரியும் பலாச்சுளை சிப்ஸும் குவித்து வைத்திருந்தார்கள், உலகத்தில் முந்திரிப் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்வது வியட்நாம்தான், கடைக்காரப் பெண் கையைப் பிடித்து இழுக்காத குறை. எங்கள் சித்தப்பா வீடு பண்ருட்டியில். பண்ருட்டிக்கு முந்திரியும் பலாவும் வாங்கிக்கொண்டு போனால் சித்தி வாசலிலேயே நிறுத்திவிடுவார், அதனால் அவர்களுக்குத் தாமரை விதை வாங்கினோம்.

விசா கேட்டவர்களுக்கு ஒரு வரி: ஆன்லைன் இ-விசா, ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50, அதிகபட்சம் 90 நாள். வியட்நாம் அரசு இணையதளத்திலேயே போடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு வாங்குகிற தளங்கள் நிறைய. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், இனிஷியலை விரித்து எழுதுகிற நம் ஆட்களுக்கு அங்கேதான் சிக்கல் வருகிறது. அவ்வளவுதான் மக்களே, துணி இன்னொரு லோடு இருக்கிறது, அடுத்த வாரம் கடலூர் சில்வர் பீச் பக்கம் போகிறேன், அங்கே பார்க்கலாம்.