சோற்றைக் குறைத்து, கோதுமையை விலக்கி

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், இப்போது செம்பனையில் வேலை செய்பவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள். அண்மைக்காலமாக ஒரே கேள்வியைப் பல வாயிலிருந்து கேட்கிறேன். "டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிட்டாரு. மருமக போன்ல பார்த்துட்டு குளூட்டனையும் விடுங்கத்தைனு சொல்றா. அப்ப நான் என்னத்தத்தான் சாப்பிடுறது?" நியாயமான கேள்வி. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை அதற்கே செலவழிக்கிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்து வைப்போம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி விரிக்கும்போது அது கிழியாமல் ரப்பர் மாதிரி நீள்கிறதல்லவா, அந்தப் பிடிப்பைத் தருவது குளூட்டன்தான். மாவுச்சத்து வேறு. அது செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்வது. அரிசியில் குளூட்டன் அறவே இல்லை, மாவுச்சத்து நிறைய உண்டு. மரவள்ளிக்கிழங்கும் அப்படித்தான்.

மாவுச்சத்தைக் குறைப்பது அளவு சார்ந்த விஷயம். நாளைக்கு 130 கிராமுக்குள் நிறுத்துவதைப் பொதுவாகக் குறை மாவுச்சத்து உணவு என்கிறோம். வெந்த சோறு ஒரு கப் என்றால் சுமார் 45 கிராம். ஒருவேளைக்கு இரண்டு கப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு மதியத்திலேயே 90 கிராம் போய்விடும். அரைக் கப்பாக்கினால் கணக்கு மாறிவிடும். இன்று கொஞ்சம் கூடிப்போனால் நாளை குறைத்துக்கொள்ளலாம். குளூட்டனில் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதை நோய்க்காக விடுகிறவர் முழுக்க விட்டாக வேண்டும். ஒரு துண்டு ரொட்டிதானே என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த நோயின் பெயர் சீலியாக். குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, உப்பசம், காரணம் தெரியாமல் எடை இறங்குவது, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ஏறாத இரத்தசோகை என்று பல வேடத்தில் வரும். உலக அளவில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கிறது. இனிப்பு நீரின் கதை, அதாவது நீரிழிவின் கதை, வேறு. 2023ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது உண்டு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர். ஆக, மாவுச்சத்துக் கணக்கு நம்மில் மிகப் பலருக்குத் தேவை. குளூட்டன் விலக்கு சிலருக்கே தேவை. இரண்டும் சேர்ந்து தேவைப்படுகிறவர்களும் உண்டு. சின்ன வயதிலேயே இன்சுலின் போடும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் சீலியாக் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்து, வளர்த்தியில் பின்தங்கினால் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருமகள்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சந்தேகம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் கோதுமையை விடுவது. அந்தப் பரிசோதனை இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. சில மாதம் கோதுமையைத் தொடாமல் இருந்துவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அப்புறம் பரிசோதனைக்காக மறுபடியும் வாரக்கணக்கில் ரொட்டி சாப்பிட வேண்டும். உடம்பு தேறிய ஒருவரை அந்தப் பாடு படுத்த எந்த மருத்துவருக்கும் மனம் வராது.

கோதுமைதான் காரணம் என்று கண்டவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அந்த ஐயம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரினால் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியதைக் கவனித்தார். அதே ஆண்டுகளில் இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி இல்லாமல் நம் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழங்கின் மாவைத்தான் இன்று 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட ரொட்டிப் பொட்டலங்களில் விலை கூட்டி விற்கிறார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: அரிசி மாவு, மரவள்ளி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு. சீலியாக் உள்ளவருக்கு அது பாதுகாப்பு, சரி. இனிப்பு நீர்க்காரருக்கு அது இன்னொரு தட்டுச் சோறு. உடம்புக்கு நல்லது என்ற நினைப்பில் அந்த அலமாரிப் பக்கம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, அவர்கள்மேல் அல்ல, அப்படி நினைக்க வைத்தவர்கள்மேல்.

இதற்கு நேர் எதிரான பொருள் ஒன்று நம் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் இருக்கிறது. சைவ மட்டன், சைவ வாத்து என்று உறைபெட்டியில் வாங்குகிறோமே, அது. பலவற்றில் கோதுமை மாவைப் பிசைந்து, கழுவி, மாவுச்சத்தை நீக்கி எடுத்த குளூட்டனே முக்கியப் பொருள். மாவுச்சத்துக் கணக்கில் பெரும்பாலும் அது குறைவுதான், சோயாவும் மாவும் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. சீலியாக் உள்ளவருக்கு அதைவிட மோசமான உணவு கிடையாது. விரத நாளில் வாழையிலையில் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு சைவ மட்டன் பிரட்டலை இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர், ஒரு கணக்கில் தேறி மறு கணக்கில் விழுகிறார்.

இப்படி ஒளிந்திருப்பவை நம் அடுப்படியில் இன்னும் உண்டு. கடையில் வாங்கும் பெருங்காயம் சுத்தமான பிசின் அல்ல. பெரும்பாலும் கோதுமை மாவு கலந்துதான் வரும். ரசத்துக்குப் போடும் அந்தச் சிட்டிகை இனிப்பு நீரை ஏற்றாது, சீலியாக் குடலுக்கு ஆகாது. கிச்சாப் என்னும் சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்ந்திருப்பது வழக்கம். இனிப்புக் கிச்சாப் என்றால் சீனியும் சேரும். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் மால்ட் இருக்கிறது, மால்ட் பார்லியிலிருந்து வருவது. பார்லித் தண்ணீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று கொடுக்கிறோம். சீலியாக் வீட்டில் அதையும் நிறுத்த வேண்டும். கோதுமை நூடுல்ஸான மீ வேண்டாம் என்று அரிசிச் சேமியாவான பீஹூனுக்கு மாறினால் குளூட்டன் போய்விடும், மாவுச்சத்து அப்படியே நிற்கும். மாமாக் கடைத் தோசையில் அரிசியும் உளுந்தும்தான். ஆனால் ரொட்டி சானாய் சுட்ட அதே கல், அதே கரண்டி. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோசையை வீட்டில் சுட்டுக்கொள்வதுதான் வழி.

பொட்டலங்களைப் படிக்கப் பழகுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி குளூட்டன் உள்ள தானியங்களைச் சேர்த்திருந்தால் குறிப்பிட்டாக வேண்டும். மலாயில் 'கண்டும்' (gandum, கோதுமை) என்றோ 'பார்லி' என்றோ இருந்தால் கீழே வைத்துவிடலாம். பக்கத்துச் சத்து அட்டவணையில் 'கார்போஹைட்ரேட்' வரியைப் பார்த்தால் மாவுச்சத்துக் கணக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, என்னத்தத்தான் சாப்பிடுறது? இரண்டுக்கும் பொருந்துவது பெரும்பாலும் பொட்டலத்தில் வராதவைதான். கெம்போங் மீனை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவிப் பொரிக்கலாம், புளிக்குழம்பிலும் போடலாம். குழம்பு கெட்டியாக வேண்டுமென்று மாவு கரைக்காமல் தேங்காய் அரைத்து விடுங்கள். மசாலாத்தூளை மில்லில் அரைத்தால், நமக்கு முன் கோதுமை அரைத்தார்களா என்று கேட்டுவிட்டு அரைப்பது நல்லது. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, நன்றாக வேகவைத்த மரவள்ளிக் கொழுந்து எல்லாம் வேலி ஓரத்தில் கிடைக்கின்றன. கிழங்கை விட்டுவிட்டுக் கொழுந்தை எடுங்கள். முட்டை, கோழி, தவ்ஹு, தெம்பே இருக்கின்றன. தெம்பேயைச் சன்னமாக நறுக்கி, நெத்திலியும் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டினால் அரைக் கப் சோறு போதும், கூடக் கேட்காது. பருப்பில் மாவுச்சத்து இருந்தாலும் நாரும் புரதமும் சேர்ந்தே இருப்பதால் ஒரு சின்னக் கிண்ணம் பரவாயில்லை. கோதுமையை விடும்போது நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரலாம். கீரையைக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். டின்பால் ஊற்றிய தே தாரேக் தேநீரைத்தான் யாரும் விட மாட்டேன் என்கிறார்கள். டின்பால் ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு நாக்கு பழக ஓரிரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. பழைய அளவு மருந்து, புதிய அளவு சாப்பாடு என்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு, அதுவும் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே. சிறுநீரகம் பழுதானவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக இந்த முறைக்குப் போக வேண்டாம். இரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவை (HbA1c) உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம்.

சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் நம் வீடுகளில் உடனே மைலோ கலக்குவார்கள். சீலியாக் உள்ளவருக்கு அது வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது மாத்திரைப் பையோடு, வீட்டிலுள்ள பெருங்காயம், கிச்சாப், மசாலாத்தூள் டப்பாக்களின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். வணக்கம்.