பெரிம்பாவ் வந்துச்சு, நம்ம களியல் எங்க? | நாகர்கோவில் வொர்க்ஷாப் வ்லாக்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கு, பாடிப் பாடி கட்டுனது, சவுண்ட கொஞ்சம் கூட்டி வச்சுக்கோங்க. போன வீடியோல சொன்னேன்லா, நாகர்கோவில்ல ஒரு டான்ஸ் வொர்க்ஷாப், பிரேசில்ல இருந்து ஒரு அக்கா கப்போயிரா சொல்லித்தர வாறாங்கன்னு, அது முடிஞ்சிட்டு, எனக்கு இன்னும் தூக்கத்துலயும் அந்த தாளம்தான் ஓடுது.

மொதல்ல பெரிம்பாவ். கப்போயிரால எல்லாரும் வட்டமா நிப்பாங்க, நடுவுல ரெண்டு பேரு, ஒருத்தர் கால் வீசுனா மத்தவரு குனிஞ்சு நழுவணும், சண்டையா ஆட்டமான்னு பிரிக்கவே முடியாது. அதுக்கு வேகம் வைக்கிறது பெரிம்பாவ்தான். ஒரு வில்லு, ஒத்தக் கம்பி, கீழ ஒரு சுரைக்குடுக்கை, மெல்லிசு குச்சியால தட்டுவாங்க, ஒரு காசையோ கல்லையோ கம்பில அழுத்தி சத்தத்த மாத்துவாங்க. அக்கா அத வெளிய எடுத்ததும் பேத்தியக் கூட்டிட்டு வந்த ஒரு ஆச்சி, "எம்மா, இது நம்ம வில்லுல்லா!"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. எனக்கு புல்லரிச்சிட்டு! கோயில் கொடைல வில்லுப்பாட்டு பாத்து வளந்தவங்களுக்கு அது உடனே தெரியும், அங்க சுரைக்குடுக்கை, இங்க மண்குடம், அங்க குச்சி, இங்க வீசுகோல், நம்மகிட்ட மணியும் சேந்து குலுங்கும். ஆனா ரெண்டும் ஒண்ணுலேர்ந்து பொறந்துதுன்னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்புனா நம்பாதீங்க கேட்டியளா, பெரிம்பாவ் ஆப்பிரிக்க வில் வாத்தியங்களோட வழில வந்தது, அடிமையா பிடிச்சிட்டுப் போன ஜனங்களோட பிரேசிலுக்குப் போனது.

இப்ப கடுப்பான விஷயம். போஸ்டர்ல பெருசா 'ஃபியூஷன்'. எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. அக்கா அப்படி எதுவுமே கேக்கல, அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: உங்க ஊருல உடம்பு எப்படி அசையும், காட்டுங்க. உடனே அங்கன இருந்த முக்காவாசி பேரும் பரதத்துல வர்ற அரைமண்டில உக்காந்தாச்சு! பரதம் எனக்கு உசிரு, உங்களுக்கே தெரியும், அரங்கேற்ற வீடியோ சேனல்லயே கெடக்கு. ஆனா கேட்டது நம்ம ஊர. திருவட்டார் கோயில்ல கதகளி ஆடுற கன்னியாகுமரி மாவட்டம் இது, தோவாளைப் பக்கம் போனா வில்லு, 1956 நவம்பர் 1 வரைக்கும் கேரளா பக்கத்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தோம், நம்ம கைகால்லயே தமிழ், மலையாளம் ரெண்டு பக்கமும் கலந்துதான கெடக்கு, அதுக்கு எதுக்கு தனியா ஒரு ஃபியூஷன்?

அப்ப விளவங்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன், ஆசான்கிட்ட அடிமுறைங்கிற நம்ம ஊரு சண்டைக்கலை படிக்கிறவன், ஒண்ணும் பேசாம வந்து முட்டிய மடக்கித் தாந்து நின்னு அதுல உள்ள ஒற்றைச்சுவடு போட்டான். அக்கா பாட்ட நிறுத்திட்டாங்க. திரும்பப் போடச் சொல்லி, பக்கத்துல நின்னு அவங்க ஜிங்கா ஆடுனாங்க, ஜிங்கான்னா கப்போயிராவோட அடிப்படை அசைவு, காலு ஓயவே ஓயாது. ரெண்டையும் கலக்கவே இல்ல, பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, அவ்வளவுதான். அதுதான் எனக்கு வேணும்.

ஆங், களியல் கம்பு விஷயத்த விட்டுட்டேன்! களியல்னா கம்பு தட்டி ஆடுற நம்ம ஊரு ஆட்டம், நான் அதக் காட்டலாம்னு மாமாகிட்ட கேட்டுட்டுப் போனேன், எங்க மாமா சின்ன வயசுல களியல் ஆடுனவரு, நடுவுல குத்துவிளக்கு, ஆசான் பாட, ஜால்ராவுக்கு கம்பு தட்டி பைய ஆரம்பிச்சு வேகம் ஏறிட்டே போகும். கம்பு வாங்க ஒரு கடைக்குப் போனா ஜோடி 400 ரூவா, பளபளன்னு வார்னிஷ், ரிப்பன் வேற, தட்டுனா தொப்புன்னு ஒரு சத்தம். 400 ரூவாய்க்கு அந்த சத்தமா! சவத்த வேண்டாம்னு வந்துட்டேன். தக்கலைல ஒரு ஆசாரி நல்ல காஞ்ச மரத்துல கடைஞ்சு தந்தாரு, ஜோடி 150. இந்தா, கேளுங்க... இன்னொரு தடவ... இதுக்குப் பேருதான் கம்பு. வார்னிஷும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஹால்ல டைல்ஸ் தரை, அது ஒரு வழுக்கு வழுக்குச்சு, அது போட்டும்.

கடைசில அக்கா பெரிம்பாவ் அடிக்க நாங்க விளக்கச் சுத்தி களியல் ஆடுனோம், வேகம் ஏறி ஏறி, முடிக்கிற அடி அவங்க கம்பிலயும் எங்க கம்புலயும் சேந்து விழுந்துச்சு. கொள்ளாம் மக்களே, கொள்ளாம்! அந்த கிளிப்ப கடைசில முழுசா போட்டிருக்கேன்.

ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துது. பிரேசில்ல 1888ல அடிமைமுறைய ஒழிச்சாங்க, 1890ல சட்டம் போட்டு கப்போயிரா ஆடுனாலே குத்தம்னாங்க, ஆனாலும் ஜனங்க விடல, 2014ல யுனெஸ்கோ அத பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. களியலுக்கு எவன் தடை போட்டான்? எங்க தெருவுல மாமா செட்டுக்குப் பிறகு ஒரு பையன் கம்பெடுக்கல. கோயில் விழாவா, கிறிஸ்மஸா, எதுக்கும் டிஜே செட்டுக்கு காசு இருக்கு, ஆசானுக்கு ஒரு தட்சணை வைக்க காசு இல்ல, எனக்கு ஆத்திரமா வருது.

அதனால கருங்கல், குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இருக்கவங்க, உங்க ஊருல களியல் ஆசான் இருந்தா சொல்லுங்க. அவரு நம்பர கமெண்ட்ல போடாதீங்க, மெசேஜ் அனுப்புங்க. பொம்பளப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருவாராங்கிறதையும் கேட்டு வைங்க, நாங்க ஆறேழு பேரு கம்போட தயாரா இருக்கோம்.