தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும்

(கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்துக்கு முன், பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

கிறிஸ்துமஸ் கேக்கையும் புதுத்துணியையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவை இருந்துவிட்டுப் போகட்டும். என் குறை நம் அவசரத்தைப் பற்றியது. டிசம்பர் முதல் வாரத்திலேயே இயேசு பிறந்த கொட்டகையைக் காட்டும் குடிலைக் கட்டுகிறோம். அன்றைக்கே குழந்தையைப் படுக்கவைத்து, மூன்று ராஜாக்களையும் மண்டியிட வைத்துவிடுகிறோம். அப்புறம் 24ஆம் தேதி இரவு பிறக்க யார் மிச்சம்?

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் ஏற்பாடு செய்த குடிலை நினைத்துப் பாருங்கள். அதில் சுரூபமே (சிலையே) கிடையாது. தொட்டி நிறைய வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அந்தத் தொட்டியின் மேல்தான் திருப்பலி (பூசை) நடந்தது. தியாக்கோனாக (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளராக) இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். காலியான தொட்டிக்கு நற்கருணையில், அதாவது திருப்பலியின் அப்பத்தில், ஆண்டவர் வந்தார். அந்த வெறுமையைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மலையும் கொட்டகையும் மாடும் கழுதையும் போதும். (மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை, பழைய ஏற்பாட்டின் எசாயா நூல் முதல் அதிகாரம் 3ஆம் வசனத்திலிருந்து வந்தவை. பிள்ளைகள் கேட்பார்கள், தெரிந்துவைத்திருங்கள்.) அடுத்த வாரம் இடையர்களும் ஆடுகளும் வரட்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் வேண்டாம், மலைச்சரிவில் தள்ளி நிற்கட்டும். மரியாவையும் அவர் கணவர் சூசையையும் அறையின் மறுகோடியில் வைத்து, தினமும் இரவுச் செபம் முடிந்ததும் ஒரு சாண் நகர்த்துங்கள். நகர்த்துவது பிள்ளைகளின் வேலை. ராஜாக்கள் என்று நாம் சொல்லும் ஞானிகள் டிவி ஸ்டாண்டின் மேலேயே இருக்கட்டும். ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் ஜனவரி மாதத் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு அவர்கள் வந்து சேர்ந்தால் போதும். அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு தம் நற்செய்தியில் எங்கும் சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று.

நற்செயல் ஒன்றுக்கு வைக்கோல் ஒன்று என்று தொட்டியில் போடச் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணத் தொடங்கினால் போட்டியாகிவிடும். எண்ணாதீர்கள், பெயர் எழுதாதீர்கள்.

குடிலில் பச்சைப் புல்லுக்குக் கேழ்வரகு விதையுங்கள். 13ஆம் தேதி இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரச்சாக்கில் நெருக்கமாகத் தூவுங்கள். 24க்குள் மூன்று நான்கு விரல் உயரம் வளர்ந்துவிடும். தண்ணீரை ஊற்றினால் பூசணம் பிடிக்கும். கையால் தெளித்தால் போதும். சீரியல் செட்டு விளக்கு வைக்கோலில் படவே கூடாது. குடிலுக்குள் மெழுகுவர்த்தியும் வேண்டாம்.

ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் தழை வளையமான திருவருகை வளையத்துக்கு ஊதா மெழுகுவர்த்தி மூன்று, ரோஸ் ஒன்று. ரோஸ் நிறத்தை மூன்றாம் ஞாயிறு ஏற்ற வேண்டும். முதல் மெழுகுவர்த்தியைச் செபம் முடிந்தும் எரியவிட்டால் நான்காம் வாரத்துக்குள் தீர்ந்துவிடும். செபத்துக்குப் பத்து நிமிடம், பிறகு அணைத்துவிடுங்கள். சவுக்குத் தழையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். காய்ந்த தழை சட்டென்று தீப்பிடிக்கும்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி கேரல் ரவுண்ட்ஸ் போகும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஒரே இரவில் அறுபது வீடு என்று திட்டம் போட்டால் மேளமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் காணிக்கைத் தட்டும்தான் மிஞ்சும். இருபத்தைந்து வீடு போதும். வீட்டுக்கு ஐந்து நிமிடம்: ஒரு பாட்டு, லூக்கா 2:8-14 வாசகம், அந்த வீட்டு நோயாளியின் பெயரைச் சொல்லி ஒரு செபம். பெயரை முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீட்டு வாசலில் டிரம்மை நிறுத்திவிடுங்கள்.

24 இரவு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் விளக்கை அணையுங்கள். பெரியவர் ஒருவர் லூக்கா 2:1-7 வாசிக்கட்டும். ஏழே வசனம். வீட்டின் கடைக்குட்டி குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைக்கட்டும். அதன் பிறகு குடில் விளக்கைப் போடுங்கள், கேக்கும் வெட்டுங்கள்.

26ஆம் தேதியே குடிலைப் பிரிக்காதீர்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அன்று பிரித்து அடுக்கும்போது குழந்தைச் சுரூபத்தைத் துணியில் சுற்றி ஒரு சிறு டப்பாவில் போட்டு, பெட்டியின் அடியில் வையுங்கள். அடுத்த ஆண்டு அது கடைசியாகத்தான் கைக்கு வர வேண்டும்.